கச்சேரி நடத்தினால் சர்வாதிகாரம் போய்விடுமா?

செப்டம்பர் 11, காலை 9.40 (வாசகர் கேள்வி)

1973இல் சிலியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த நாள் என்று இன்று எல்லோரும் பாடகர் விக்டோர் ஹாராவின் படத்தைப் போடுகிறார்கள். தேசிய ஸ்டேடியத்தில் அவர் விரல்களை வெட்டிவிட்டு "இப்போ வாசி பார்க்கலாம்" என்றார்களாம், ரத்தம் சொட்டச் சொட்ட அவர் பாடினாராம். சரி, வீரம்தான். அதற்கப்புறம் உலகம் பூரா எத்தனை ஆதரவுக் கச்சேரி! நியூயார்க், ரோம், பாரிஸ் என்று ஊர் ஊராக. ராணுவ ஆட்சியின் தலைவன் பினோசெத் 1990 வரை அசையாமல் உட்கார்ந்திருந்தான். டிக்கெட் வாங்கியவர்கள் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்கினார்கள். பாட்டுப் பாடி ஒரு சர்வாதிகாரி போனதாக ஒரே ஒரு உதாரணம் காட்டுங்கள், நம்புகிறேன்.

செப்டம்பர் 11, மதியம் 1.15

முதலில் இடத்தைச் சரிசெய்துவிடுகிறேன். அது தேசிய ஸ்டேடியம் இல்லை. தலைநகர் சாண்டியாகோவில் இரண்டு ஸ்டேடியங்களைச் சிறையாக்கினார்கள். எஸ்தாதியோ நசியோனால், அதாவது தேசிய ஸ்டேடியம், பெரிய கால்பந்து மைதானம். எஸ்தாதியோ சிலே என்பது கூரை போட்ட சிறிய உள்ளரங்கம். ஹாராவை அடைத்து வைத்ததும் கொன்றதும் இந்தச் சிறிய அரங்கில். 2003இல் அதற்கு அவர் பெயரையே வைத்துவிட்டார்கள்.

அடுத்தது கை. வெட்டவில்லை. துப்பாக்கிக் கட்டையாலும் பூட்ஸாலும் அடித்து நொறுக்கியிருந்தார்கள். பிணக்கிடங்கில் உடலை அடையாளம் காட்டிய மனைவி ஜோன் ஹாரா, மணிக்கட்டு உடைந்து கைகள் கோணலாகத் தொங்கியதைச் சொல்லியிருக்கிறார். உடலில் 44 குண்டுக் காயங்கள்.

கேள்விக்குச் சாயங்காலம் வருகிறேன்.

செப்டம்பர் 11, இரவு 8.50

அந்த அரங்கத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை.

1969 ஜூலையில் சிலியின் புதிய பாடல் இயக்கத்துக்கான முதல் விழா நடந்தது. இறுதிச் சுற்று எஸ்தாதியோ சிலேயில்தான். ஓர் உழவனை நோக்கி, எழுந்து உன் கைகளைப் பார் என்று வேண்டும் பாடலைக் கிலாபாயூன் குழுவோடு சேர்ந்து ஹாரா பாடினார். முதல் பரிசைப் பகிர்ந்துகொண்ட பாடல் அது. நாலு வருஷம் கழித்து அதே கூரைக்குக் கீழே கைதியாக உட்கார்ந்திருந்தார். மேடை எந்தப் பக்கம், படிக்கட்டு எந்தப் பக்கம் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். எப்போது யோசித்தாலும் எனக்கு இந்த இடத்தில் தொண்டை அடைக்கும்.

1973 செப்டம்பர் 11 அன்று அவர் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பாட வேண்டியிருந்தது. அங்கே ஒரு கண்காட்சியைத் திறந்துவைத்து அதிபர் சால்வடோர் அயெந்தே பேசுவதாக ஏற்பாடு. காலையிலேயே கவிழ்ப்பு தொடங்கிவிட்டது. ஹாரா வீட்டில் இருந்திருக்கலாம். போனார், அவர் அங்கே வேலை பார்த்தவர். மறுநாள் ராணுவம் வளாகத்துக்குள் புகுந்து, நூற்றுக்கணக்கான ஆசிரியர்களோடும் மாணவர்களோடும் அவரையும் அந்த அரங்கத்துக்கு நடத்திக்கொண்டு போனது. உள்ளே இருந்தபடி தாளில் ஒரு கவிதை எழுதினார். அதற்கு மெட்டுப் போட அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. உடனிருந்தவர்கள் படியெடுத்து, ஒளித்து, வெளியே கொண்டுவந்தார்கள்.

விரல் வெட்டுப்பட்டு ரத்தம் சொட்டப் பாடியதாகச் சொல்லும் கதையைவிட, சாகப்போகிறோம் என்று தெரிந்தும் இங்கே எத்தனை பேர் அடைபட்டிருக்கிறோம் என்று எண்ணி எழுதி வைத்த மனிதர் எனக்குப் பெரியவராகத் தெரிகிறார். ஐயாயிரம் பேர் என்று எழுதினார். வெளியே இருப்பவர்களுக்குக் கணக்குத் தெரிய வேண்டும் என்று நினைத்திருக்கிறார்.

செப்டம்பர் 11, இரவு 11.30

மதியம் நான் வெடுக்கென்று திருத்தியது சிலருக்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது. காரணம் சொல்கிறேன்.

கல்லூரி நாளில் ஒரு கூட்டத்தில் இதே விரல் கதையை நான் மேடையேறிச் சொல்லியிருக்கிறேன். ஒரு நண்பர் கொடுத்த கேசட்டில் ஹாராவைக் கேட்டிருந்தேன், ஒரு துண்டறிக்கையில் கதையைப் படித்திருந்தேன். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. எதிரே இருந்தவர்கள் அழுதார்கள். அந்த அழுகை எனக்கு ஒருவிதமான பெருமையாக இருந்தது. பல வருஷம் கழித்து ஜோன் ஹாரா சொன்னதைப் படித்தபோது கூனிக்குறுகிப் போனேன். அந்த அம்மா பிணங்களுக்கு நடுவே நடந்து போய்க் கண்ணால் பார்த்ததை இருக்கிறபடி சொல்லி வைத்திருக்கிறார். நான் அதன் மேல் ஒரு கத்தியைச் சேர்த்திருக்கிறேன்.

செப்டம்பர் 12, காலை 7.20

"கதை கொஞ்சம் கூடினால்தான் என்ன, உணர்ச்சி உண்மைதானே" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். எனக்கும் ஒரு காலத்தில் அப்படித்தான் தோன்றியது.

ஆனால் இந்த வழக்கு கடைசியில் எலும்புகளை வைத்து நடந்த வழக்கு. 2009இல் நீதிமன்ற உத்தரவின் பேரில் உடலைத் தோண்டி எடுத்து, எந்த எலும்பு எங்கே உடைந்தது, குண்டு எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று பார்த்தார்கள். 2016இல் அமெரிக்காவில், ஆர்லாண்டோ நகரில், அங்கே குடியேறிவிட்ட முன்னாள் ராணுவ அதிகாரி ஒருவரை ஜூரிகள் பொறுப்பாளியாக்கி 2.8 கோடி டாலர் இழப்பீடு விதித்தார்கள். அது சிவில் வழக்கு, சிறைத்தண்டனை கிடையாது. 2023 ஆகஸ்டில் சிலியின் உச்ச நீதிமன்றம் ஏழு முன்னாள் ராணுவத்தினரின் தண்டனையை உறுதிசெய்தது. அமெரிக்காவில் இருந்தவரும் அந்த ஆண்டு முடிவதற்குள் சிலிக்குத் திருப்பி அனுப்பப்பட்டார். அதே 2023 நவம்பரில் ஜோன் ஹாரா இறந்துபோனார். ஐம்பது வருஷம்.

இப்படிப்பட்ட ஒரு வழக்குக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு நாம் இஷ்டத்துக்குக் கதையை வளர்த்தால், "பாருங்கள், எல்லாமே கட்டுக்கதை" என்று சொல்லக் காத்திருப்பவனுக்கு நாமே வாய்ப்பை எடுத்துக் கொடுக்கிறோம்.

செப்டம்பர் 12, இரவு 9.05

இப்போது கச்சேரிகள்.

கவிழ்ப்பு நடந்த அன்று கிலாபாயூன் பிரான்ஸில் இருந்தார்கள். இன்டி-இல்லிமானி குழு இத்தாலியில். இரண்டு பேருக்கும் திரும்பிப் போக வழியில்லாமல் போனது. சுற்றுப்பயணம் என்று கிளம்பியவர்கள் அகதிகளானார்கள். இன்டி-இல்லிமானிக்கு அந்தப் பயணம் முடிய 15 வருஷம் ஆயிற்று. அவர்கள் நடத்தியவற்றை "மேடை நிகழ்ச்சி" என்று மட்டும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஊர் இழந்தவர்கள் பெட்டியில் மீதியிருந்த இரண்டு கித்தாரையும் சராங்கோ என்ற ஒரு சின்ன நரம்பு வாத்தியத்தையும் வைத்துக்கொண்டு, எங்கள் ஊரில் இப்படி நடக்கிறது, இன்னார் காணாமல் போயிருக்கிறார் என்று சொன்ன இடம் அது. பத்திரிகையில் மூன்றாம் நாளே பழசாகிவிடும் செய்தி, பாட்டுக்கு நடுவே மாதக்கணக்கில் பழசாகாமல் இருந்தது.

கிலாபாயூனும் இசையமைப்பாளர் செர்கியோ ஒர்தேகாவும் 1973இல், கவிழ்ப்புக்குச் சில மாதம் முன்னால் உருவாக்கிய பாட்டு ஒன்று உண்டு, "ஒன்றுபட்ட மக்கள் ஒருநாளும் தோற்பதில்லை" என்று பொருள்படும் அது. தெருவில் ஏற்கெனவே ஒலித்த முழக்கத்துக்கு மெட்டு கிடைத்தது. பாட்டு பிறந்த நாட்டிலேயே அதை வாய்விட்டுப் பாட முடியாமல் போனது. வெளியே போனதால் பிழைத்தது. 1975இல் அமெரிக்க இசையமைப்பாளர் ஃபிரெடெரிக் செவ்ஸ்கி அதே மெட்டை எடுத்துப் பியானோவுக்கு 36 மாறுபாடுகள் எழுதினார். ஒரு மணி நேரம் வரும். இசை தெரிந்த நண்பர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து விரலைத் தட்டித் தட்டி எனக்கு அதைக் கேட்கச் சொல்லிக்கொடுத்தார். மெட்டு உருத்தெரியாமல் சிதைந்து, எங்கோ காணாமல் போய், கடைசியில் முழுசாகத் திரும்பி வரும்போது நண்பர் தட்டுவதை நிறுத்திவிட்டார்.

செப்டம்பர் 12, இரவு 9.40

நியூயார்க்கை மறந்துவிட்டேன், கேள்வியில் முதல் பெயரே அதுதானே.

1974 மே 9, ஃபெல்ட் ஃபோரம் அரங்கம். ஏற்பாடு செய்தவர் ஃபில் ஓக்ஸ் என்ற பாடகர். 1971இல் சிலிக்குப் போனபோது ஹாராவை நேரில் பார்த்துப் பழகியவர். ஹாரா கொல்லப்பட்ட செய்தி அவரை உலுக்கிவிட்டது. கச்சேரிக்கு டிக்கெட் போணியாகவில்லை. பாப் டிலன் வருகிறார் என்று தெரிந்ததும் அரங்கம் நிறைந்துவிட்டது.

அப்படியானால் வந்தவர்கள் சிலிக்காக வந்தார்களா, டிலனுக்காக வந்தார்களா? டிலனுக்காகத்தான். கேள்வி கேட்டவர் பக்கம் இந்த இடத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஹாரா என்ற பெயரை அந்த ராத்திரிக்கு முன் கேட்டே இராத எத்தனையோ பேர் கேட்டுவிட்டுப் போனார்கள். நானும் முதலில் கேசட் உறையின் படத்துக்காகத்தான் கேசட்டை வாங்கிக்கொண்டேன்.

செப்டம்பர் 13, காலை 6.45

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு விஷயம். பாட்டே இல்லாதது.

1974இல் ஸ்காட்லாந்தின் ஈஸ்ட் கில்பிரைட் ரோல்ஸ்-ராய்ஸ் ஆலைக்குச் சிலி விமானப்படையின் ஹாக்கர் ஹன்டர் விமான எஞ்சின்கள் பழுதுபார்க்க வந்தன. அதிபர் மாளிகை மேல் குண்டு போட்டது அந்த வகை விமானங்கள்தான். தொழிலாளர்கள் கை வைக்க மாட்டோம் என்றுவிட்டார்கள். எஞ்சின்கள் ஆலை முற்றத்தில் மழையிலும் வெயிலிலும் நாலு வருஷம் கிடந்தன.

இதைப் படித்த அன்று எனக்கும் தோன்றியது, நூறு கச்சேரிக்கு இது சமம் என்று. மறுநாள் வேறு மாதிரி தோன்றியது. ஸ்காட்லாந்தில் எஞ்சின் கழற்றும் ஒருவருக்குச் சாண்டியாகோவில் என்ன நடக்கிறது என்று யார் சொன்னார்கள்? செய்தி, தொழிற்சங்கக் கூட்டம், அகதிகளின் பேச்சு, அகதிகளின் பாட்டு. எதன் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல என்னால் ஆகாது.

செப்டம்பர் 14, மதியம் 2.30

உள்ளே என்ன நடந்தது என்று ஒருவர் கேட்டார். வெளிநாட்டுக் கச்சேரியை மட்டும் பேசிக்கொண்டிருக்கிறோம் என்பது சரியான குறை.

புதிய ஆட்சி ஆண்டீஸ் மலைநாட்டு வாத்தியங்களுக்கே தடைச்சட்டம் போட்டது. சராங்கோவும், கேனா என்ற புல்லாங்குழலும்தான். இவை அயெந்தே காலத்துப் பாட்டுக்களில் ஒலித்ததால் அந்த ஓசையே குற்றமாகிவிட்டது. அப்போது பரோக்கோ ஆந்தினோ என்றொரு குழு செய்த காரியம்தான் எனக்கு மிகப் பிடித்தது. அதே சராங்கோவிலும் கேனாவிலும் பாக் என்ற இசையமைப்பாளரின் இசையை எடுத்துத் தேவாலயங்களில் வாசித்தார்கள். சொல் கிடையாது, முழக்கம் கிடையாது, முந்நூறு வருஷத்துக்கு முந்தைய ஜெர்மானிய இசை. எந்த அதிகாரி வந்து எதைத் தடுப்பார்? கேட்க வந்தவர்களுக்கோ அந்தக் குழல் ஓசையே போதுமானதாக இருந்தது.

செப்டம்பர் 14, இரவு 10.10

மேலே "தடைச்சட்டம்" என்று எழுதியது தவறு. அச்சில் வந்த சட்டம் என்று சொல்ல முடியாது. அரசுப் பொறுப்பில் இருந்த ராணுவ அதிகாரி நாட்டுப்புறக் கலைஞர்களைக் கூப்பிட்டு, இந்த வாத்தியங்களும் இந்தப் பாட்டுக்களும் இனி வேண்டாம் என்று வாய்மொழியாகச் சொன்னார். வானொலிக்காரர்கள் புரிந்துகொண்டார்கள். இசைத்தட்டு வைத்திருந்தவர்கள் வீட்டிலேயே உடைத்தார்கள், எரித்தார்கள். எழுத்தில் இருந்தால் எல்லை எது என்று தெரியும். வாய்மொழியில் எல்லை தெரியாது, அதனால் பத்தடி முன்னாலேயே எல்லோரும் நின்றுவிடுவார்கள். இது சட்டத்தைவிட நன்றாக வேலை செய்தது.

செப்டம்பர் 16, காலை 8.00

கேள்வி கேட்டவருக்கு நேரடிப் பதில். உதாரணம் கேட்டீர்கள், இதோ.

1988இல் மனித உரிமைப் பிரகடனத்தின் 40ஆம் ஆண்டுக்காக ஆம்னெஸ்டி அமைப்பு உலக இசைப் பயணம் ஒன்றை நடத்தியது. ஸ்டிங், பீட்டர் கேப்ரியல், புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன், டிரேசி சாப்மன், யூசு என்டூர். சிலிக்குள் நடத்த வழியில்லாததால் எல்லைக்கு அந்தப் பக்கம் அர்ஜென்டினாவின் மென்டோசாவில் நடத்தினார்கள். சிலிக்காரர்கள் திரள் திரளாக ஆண்டீஸைத் தாண்டி வந்தார்கள். காணாமல் போனவர்களின் வீட்டுப் பெண்கள் மேடையேறினார்கள். இன்டி-இல்லிமானியும், சிலிக்குள்ளேயே வளர்ந்த லாஸ் பிரிசியோனெரோஸ் குழுவும் வாசித்தார்கள். அந்த அக்டோபரிலேயே, பதவியில் நீடிக்கலாமா என்ற பொதுவாக்கெடுப்பில் பினோசெத் தோற்றார். எல்லைக்கு அப்பால் ஒரு ராத்திரி பயமில்லாமல் நின்று பார்த்த ஜனம் திரும்பி வந்து பயமில்லாமல் வாக்குப் போட்டது. போதுமா?

செப்டம்பர் 16, இரவு 11.55

போதாது. நான் எழுதியது தப்பு.

வாக்கெடுப்பு 1988 அக்டோபர் 5. மென்டோசா கச்சேரி அக்டோபர் 14. ஒன்பது நாள் கழித்து. இரண்டு தேதியும் எனக்குத் தனித்தனியாகத் தெரியும், பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்லை. கச்சேரிக்கு வந்தவர்கள் ஏற்கெனவே வாக்குப் போட்டு ஜெயித்துவிட்டு வந்தவர்கள். என் வாதம் தலைகீழ்.

இரவு சாப்பாட்டுக்கு அப்புறம் இதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். விரல் கதையில் செய்ததையேதான் இங்கும் செய்திருக்கிறேன். எனக்கு ஒரு முடிவு வேண்டியிருந்தது, நடந்ததை அதற்கேற்ப அடுக்கிக்கொண்டேன்.

செப்டம்பர் 17, மாலை 6.20

நேற்றைய தப்பை விட்டுவிட்டுப் போகாமல் அதிலிருந்தே யோசித்தேன்.

தோற்ற பிறகும் பினோசெத் உடனே போகவில்லை. 1990 மார்ச் வரை பதவியில் இருந்தார், அப்புறமும் ராணுவத் தலைமையில் தொடர்ந்தார். ஆக அந்த அக்டோபர் 14 அன்று மலை தாண்டி வந்தவர்கள் ஜெயித்திருந்தார்கள், விடுதலையாகவில்லை. அந்த இடைவெளியில் அவர்கள் வந்தது எதற்கு? மாற்றத்தைக் கொண்டுவரவா? அதை அவர்களே வாக்குச்சாவடியில் செய்துவிட்டார்கள். கூட்டமாகச் சேர்ந்து சத்தம் போட்டு அழவும் சிரிக்கவும் வந்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். சொந்த மண்ணில் பதினைந்து வருஷமாக அதற்கு இடமில்லை.

இது என் அனுமானம்தான்.

செப்டம்பர் 17, இரவு 9.15

வாக்கெடுப்பை ஜெயித்த பாட்டு என்று ஒன்று உண்டா என்றால், அது நான் விரும்பும் வகைப் பாட்டே இல்லை. எதிர்த்தரப்புக்குத் தினம் 15 நிமிடம் தொலைக்காட்சி நேரம் கிடைத்தது, 27 நாள். அவர்கள் வானவில்லைச் சின்னமாக்கி, மகிழ்ச்சி வரப்போகிறது என்று ஒரு விளம்பரப் பாட்டைப் போட்டார்கள். குளிர்பான விளம்பரம் போலத் துள்ளும். முதல் முறை கேட்டபோது எனக்குக் கோபமே வந்தது. இத்தனை பேர் செத்திருக்கிறார்கள், இது என்ன கொண்டாட்டம்?

இப்போது அவ்வளவு உறுதியாக இல்லை. 15 வருஷம் பயத்திலேயே வாழ்ந்தவனிடம் மறுபடி பயத்தைப் பாடினால் வீட்டைவிட்டு வெளியே வருவானா? 56 விழுக்காடு பேர் "வேண்டாம்" என்று போட்டார்கள்.

அந்த ஒளிபரப்பு முழுக்கத் துள்ளலும் இல்லை. ஒரு இரவு, தனியாகக் குவேக்கா ஆடும் பெண்ணைக் காட்டினார்கள். இதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

செப்டம்பர் 18, காலை 10.00

குவேக்கா சிலியின் ஜோடி நடனம். ஆணும் பெண்ணும் கைக்குட்டையை வீசிக்கொண்டு ஒருவரையொருவர் சுற்றி வருவார்கள். 1978 மார்ச் 8, மகளிர் நாள். சாண்டியாகோவின் காவ்போலிகான் அரங்கில், கைதாகிக் காணாமல் போனவர்களின் குடும்பத்துப் பெண்கள் முதல் முறையாக இதைத் தனியாக ஆடினார்கள். எதிரே ஆள் கிடையாது. அவன் நிற்க வேண்டிய இடத்தை விட்டு விட்டுக் கால் போகும், கைக்குட்டை அந்த வெற்றிடத்தை நோக்கிப் போகும். மார்பில் அவன் படம்.

அடுத்த வருஷம், 1979 செப்டம்பரில், பினோசெத் அரசு ஆணை பிறப்பித்துக் குவேக்காவைத் தேசிய நடனமாக அறிவித்தது. நாடு முழுக்கப் பள்ளிப் பிள்ளைகள் கற்றுக்கொண்டார்கள். அதனால் தனியாக ஆடும் பெண்ணைப் பார்க்கிற எவருக்கும், பாதி இல்லை என்பதை விளக்கவே வேண்டியதில்லை. எல்லோருக்கும் அடவு தெரியும்.

ஸ்டிங் 1987இல் இந்தப் பெண்களைப் பற்றிப் பாட்டு எழுதினார். மென்டோசாவில் அவரும் பீட்டர் கேப்ரியலும் அவர்களோடு மேடையில் ஆடினார்கள். 1990 அக்டோபரில் ஆம்னெஸ்டி சாண்டியாகோவுக்கே போனது. நடந்த இடம் எஸ்தாதியோ நசியோனால். 1973இல் ஆயிரக்கணக்கானவர்களை அடைத்து வைத்துச் சித்திரவதை செய்த அதே மைதானம். கணவனை அங்கே கடைசியாகப் பார்த்தவர்கள் பார்வையாளர் வரிசையில் இருந்திருப்பார்கள்.

செப்டம்பர் 18, இரவு 8.30

இன்று சிலியின் தேசிய நாள். 1988இல் இதே நாளில்தான் இன்டி-இல்லிமானி ஊர் திரும்பியது. சாண்டியாகோ விமான நிலையத்தில் அவர்களுக்காகக் கூட்டம் காத்திருந்தது. காலையில் இதைச் சேர்த்திருக்க வேண்டும்.

செப்டம்பர் 20, இரவு 11.10

"இசை எப்போதும் விடுதலையின் பக்கம்தான்" என்று ஒரு பதில் வந்திருக்கிறது. இல்லை. சாண்டியாகோவில் ரகசியப் போலீஸ் நடத்திய சித்திரவதை வீடு ஒன்றுக்கு டிஸ்கோதேக் என்றே பட்டப்பெயர். அலறல் வெளியே கேட்காதபடி பாட்டைச் சத்தமாக வைப்பார்களாம். அங்கிருந்து பிழைத்து வந்தவர்களில் சிலருக்கு, அன்று ஓடிய பாட்டு இன்று எங்கேயாவது ஒலித்தால் உடம்பு நடுங்குகிறது.

இதற்கு மேல் இதைப் பற்றி எழுத முடியவில்லை.

செப்டம்பர் 22, காலை 9.30

வேறு நாட்டு உதாரணங்கள் நிறைய வந்து குவிந்திருக்கின்றன. இரண்டை மட்டும் தொட்டுச் செல்கிறேன்.

போர்ச்சுகல். 1974 ஏப்ரல் 25 நள்ளிரவு கடந்து 20 நிமிடத்துக்கு வானொலியில் ஒலித்த ஜோசே அஃபோன்சோவின் பாட்டு, ராணுவத்தினருக்குப் புறப்படும் அடையாளம். அன்று சர்வாதிகாரம் விழுந்தது. கேள்வி கேட்டவருக்கு இதைத் தூக்கி நீட்டலாம்தான். ஆனால் ஆட்சியைக் கவிழ்த்தது பீரங்கி வண்டியோடு வந்த இளம் அதிகாரிகள். பாட்டு மணி அடித்தது. அதனால் கணக்கில் சேர்க்க மாட்டேன். எதை அடையாளமாகத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதில் மட்டும் கொஞ்சம் அர்த்தம் இருக்கிறது.

கிரீஸ். 1967 ஜூன் 1 அன்று ராணுவம் ஆணை எண் 13 என்று போட்டு மிக்கிஸ் தியோடோராக்கிஸின் இசையை வாசிக்கவும் ஒலிக்கவும் தடை விதித்தது. இங்கே எழுத்திலேயே ஆணை. 1971இல் கவிஞர் செஃபெரிஸ் இறந்தபோது சவ ஊர்வலத்தில் ஜனம் அவருடைய கவிதையொன்றைத் தியோடோராக்கிஸின் மெட்டில் பாடியது. கடற்கரையைப் பற்றிய கவிதை, அரசியல் ஒரு சொல்கூட இல்லை.

அதைப் படித்தபோது எனக்குச் சிலியின் கவிஞர் நெரூடாவின் சவ ஊர்வலம் நினைவுக்கு வந்தது. 1973 செப்டம்பர் 25, கவிழ்ப்பு நடந்து இரண்டே வாரம். சுற்றிலும் துப்பாக்கி. ஜனம் தொழிலாளர் இயக்கத்தின் சர்வதேச கீதத்தைப் பாடிக்கொண்டு போனது. ஒருவர் பெயரைச் சொல்லிக் கூவ, மற்றவர்கள் "இருக்கிறார்" என்று பதில் கொடுத்தார்கள். நெரூடா, ஹாரா, அயெந்தே. கவிழ்ப்புக்குப் பிறகு சிலியில் வெளிப்படையாக நடந்த முதல் எதிர்ப்பு அது. மேடை, ஒலிபெருக்கி, டிக்கெட் எதுவும் கிடையாது.

செப்டம்பர் 24, இரவு 10.40

இரண்டு வாரமாக எழுதியதைத் திரும்பப் படித்தேன். கச்சேரிக்காகத் தொடங்கிய வாதத்தில் நான் மறுபடி மறுபடி கச்சேரி அல்லாத இடத்துக்கே போயிருக்கிறேன். அது தற்செயல் இல்லை என்று இப்போது தோன்றுகிறது.

சகாபூக்கோ. அட்டகாமா பாலைவனத்தில் கைவிடப்பட்ட வெடியுப்புச் சுரங்க ஊர், கவிழ்ப்புக்குப் பின் முகாமானது. பாடகி வியோலெத்தா பார்ராவின் மகன் ஆங்கெல் பார்ரா அங்கே கைதி. கைதிகளைச் சேர்த்துக் குழு அமைத்துப் பாடவைத்தார், புதிதாக இசையமைத்தார். அவர்கள் பாடியதை ஒரு சிறு நாடாக் கருவியில் பதிந்து, அந்தப் பதிவு வெளியே வந்து இசைத்தட்டாகவும் ஆயிற்று. கேட்டவர்கள் யார்? உடன் கைதிகள், வெளியே காவல்காரர்கள்.

இன்னொன்று. யாப்பு குழு 1976இல் பிரபலமாக்கிய ஒரு பாட்டு இருக்கிறது. ஹோசே என்ற நண்பனைப் பற்றிய எளிய பாட்டு. வானொலியில் தாராளமாக ஒலித்தது, யாரும் தடுக்கவில்லை. அரசியல் கைதிகள் அதை விடுதலையாகிப் போகிறவரை வழியனுப்பும் பாட்டாக்கிக்கொண்டார்கள். ஒருவர் மூட்டை கட்டினால் மற்றவர்கள் பாடுவார்கள். பாடுகிறவர்கள் உள்ளேயே இருப்பார்கள்.

பாட்டால் சர்வாதிகாரி போனானா என்ற கேள்விக்கு என் பதில் இல்லை என்பதுதான். என்னிடம் உதாரணம் இல்லை. ஆனால் அந்தப் பதினேழு வருஷத்தைக் கழிக்க வேண்டியிருந்த மனிதர்களிடம் போய் இந்தக் கேள்வியைக் கேட்க எனக்குத் தைரியம் கிடையாது. வெளிநாட்டுக் கச்சேரி, அவர்களுக்குக் கேட்காவிட்டாலும், அவர்கள் பெயரை ஒருவர் வாயில் உயிரோடு வைத்திருந்தது. அதை மனத்திருப்தி என்று ஒதுக்க முடியவில்லை.

செப்டம்பர் 25, காலை 7.00

யாப்பு என்று எழுதியதைப் பார்த்து இலக்கணமா என்று ஒருவர் கேட்டிருந்தார், சிரித்துவிட்டேன். அது குழுவின் பெயர், ஸ்பானிய உச்சரிப்பில் இயாப்பு. இயாப்பு என்று எழுதினால் குழப்பம் வராது. அப்புறம், ஹாராவைச் சிலர் ஜாரா என்று எழுதுகிறார்கள். ஹாரா என்பதே சரி.

செப்டம்பர் 28, இரவு 11.20

இன்று ஹாராவின் பிறந்தநாள். 1932இல் பிறந்தார்.

மாலையில் ஒரு சிறிய கூட்டம். முப்பது பேர் இருந்திருப்போம். என்னை இரண்டு நிமிடம் பேசச் சொன்னார்கள். கல்லூரியில் பேசிய அதே விஷயம், இந்த முறை கத்தி இல்லாமல். உள்ளரங்கத்தின் பெயரைச் சொன்னேன், 1969 விழாவைச் சொன்னேன், உடைந்த மணிக்கட்டைச் சொன்னேன். 1973இல் ஜோனும் இன்னும் இரண்டு பேரும் மட்டும் போய் அவரை அடக்கம் செய்ததையும், 2009 டிசம்பரில் மறுபடி அடக்கம் செய்தபோது ஆயிரக்கணக்கானவர்கள் பின்னால் நடந்ததையும் சொன்னேன்.

யாரும் அழவில்லை. முன்வரிசையில் இருந்த ஒரு பெண் கையைத் தூக்கி, அந்த இரண்டு பேரும் யார் என்று கேட்டாள். பிணக்கிடங்கில் உடலை அடையாளம் கண்டுகொண்டு, ஜோன் வீட்டுக்கு வந்து தகவல் சொன்ன இளம் ஊழியர் ஒருவர், இன்னொருவர் நண்பர் என்று சொன்னேன். அவள் அதைக் குறித்துக்கொண்டாள்.

அப்புறம் பாடினோம். எனக்கு இரண்டாவது சரணம் இன்னும் மனப்பாடம் ஆகவில்லை, தாளைப் பார்த்துத்தான் பாடினேன்.